எழுத்து யாருடையது? அறிவுசார் சொத்துரிமையும் நமது விடுதலை எழுத்தும்



தலித் இலக்கிய மேடையின் நினைவுச் சொற்பொழிவுக்கு அறிவுசார் சொத்துரிமைச் சட்டமா தலைப்பு என்று நீங்கள் நினைக்கலாம். பேட்டன்ட், காப்பிரைட் என்றாலே பெரிய கம்பெனிகளும் வக்கீல்களும்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் எளிய கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முண்டியம்பாக்கத்தில் இருக்கும் நாம் பத்துப் பேர் கைக்காசு போட்டு, அம்பேத்கரின் நூல் ஒன்றை அச்சிட்டு மலிவு விலையில் கொடுக்கலாமா? யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா? இன்னொரு கேள்வி: நம் சேரியில் சாவு வீட்டில் பாடும் ஒப்பாரியை ஒருவர் பதிவு செய்து வெளியிட்டுச் சம்பாதித்தால், பாடிய தாய்க்கு அதில் என்ன பங்கு?

இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே சட்டத்தில் இருக்கிறது. ஆகவே அது நம்முடைய சட்டமும்தான். இங்கே நான் சொல்ல விரும்புவது இதுதான்: அறிவுசார் சொத்துரிமை இயற்கையாக வந்த உரிமை அல்ல. சமூகம் படைப்பாளியோடு செய்துகொள்ளும் ஓர் உடன்படிக்கை. அதில் நமக்கு இரண்டு தேவைகள் உண்டு. நம் முன்னோடிகளின் எழுத்து எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். இன்று எழுதுகிற, பாடுகிற நம் மக்களின் பெயரும் கூலியும் பறிபோகக் கூடாது. இவை ஒன்றோடொன்று மோதுவதுபோலத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க முடியுமா என்பதே இன்றைய பேச்சு.

நிலம் போன்ற சொத்தா இது?

சொத்து என்றதும் நமக்கு நிலம்தான் நினைவுக்கு வரும். பஞ்சமி நிலத்துக்காக இன்றும் போராடிக்கொண்டிருக்கும் மக்கள் நாம். ஒரு காணி நிலத்தை ஒருவர் உழுதால் இன்னொருவர் அதே நேரத்தில் உழ முடியாது. பாட்டு அப்படி அல்ல. நான் பாடுவதால் உங்கள் பாட்டு குறைந்துபோவதில்லை. ஒரு நூலை ஆயிரம் பேர் படித்தாலும் அது தேய்வதில்லை. அறிவில் இயற்கையான பற்றாக்குறை கிடையாது. 'இதை இவர் மட்டுமே அச்சிடலாம்' என்று சட்டம் சொல்லும்போதுதான் அந்தப் பற்றாக்குறை உண்டாகிறது.

அப்படியானால் எதற்காக இந்தச் சட்டம்? மூன்று நியாயங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது உழைப்பு: பாடுபட்டவருக்கே பலன் சேர வேண்டும். இரண்டாவது ஆளுமை: படைப்பில் படைத்தவரின் உயிர் இருக்கிறது, அதைச் சிதைக்கவோ பெயரை மறைக்கவோ யாருக்கும் உரிமை இல்லை. மூன்றாவது ஊக்கம்: சில காலம் தனியுரிமை கொடுத்தால் மேலும் பலர் படைப்பார்கள், முடிவில் சமூகத்துக்கே நன்மை.

மூன்றாவது நியாயத்தைக் கவனியுங்கள். அதன்படி தனியுரிமை ஒரு வழிதான். சேர வேண்டிய இடம் பொதுநன்மை. அதனால்தான் இந்த உரிமைக்குக் காலவரையறை வைத்தார்கள். 1710இல் இங்கிலாந்தில் வந்த ஆன் அரசியின் சட்டம், புதிய நூலுக்கு 14 ஆண்டுகளும், அது முடியும்போது ஆசிரியர் உயிரோடிருந்தால் இன்னும் 14 ஆண்டுகளும் கொடுத்தது. அதற்குப் பிறகு நூல் எல்லோருக்கும் பொது.

அறிவின் மீதான தனியுரிமை இந்தியாவுக்கு வெள்ளைக்காரன் கொண்டுவந்த புதுச் சரக்கு அல்ல. வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரனுக்குக் கொடுந்தண்டனை சொன்னது கௌதம தர்மசூத்திரம். சாதியம் இந்த நாட்டின் மிகப் பழைய அறிவு ஏகபோகம். அதற்குக் கால முடிவு கிடையாது, விதிவிலக்கு கிடையாது, உழைப்பைப் பற்றிய கேள்வியே கிடையாது. பிறப்பு ஒன்றுதான் தகுதி. நவீன சட்டத்தை நாம் விமர்சிக்கும்போது இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது. இது மனிதர்கள் எழுதிய சட்டம், நாடாளுமன்றத்தில் திருத்த முடியும்.

உடன்படிக்கை எப்படி மாறுகிறது

இந்தக் குடும்பத்தில் பல உறுப்பினர்கள் உண்டு. கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை, அதாவது பேட்டன்ட், 20 ஆண்டுகள். எழுத்து, இசை, ஓவியம், திரைப்படம் போன்றவற்றுக்குப் பதிப்புரிமை. வணிகக் குறியும் புவிசார் குறியீடும் தனித்தனிச் சட்டங்களில் வருகின்றன.

காப்புரிமையில் அரசின் கொள்கை எப்படி உயிரைத் தொடுகிறது என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 1970ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை, தயாரிக்கும் முறைக்கு மட்டும் தந்தது. அதனால் மருந்து விலை குறைந்தது. உலக வர்த்தக அமைப்பின் நிபந்தனையால் 2005இல் மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை தர வேண்டி வந்தபோது, நாடாளுமன்றம் 3(டி) என்ற பிரிவைத் திருத்திக் கடுமையாக்கியது. தெரிந்த மருந்தின் வடிவத்தைச் சற்று மாற்றிவிட்டு, பலன் கூடியதாகக் காட்டாமல், புதிய காப்புரிமை கேட்க முடியாது என்பது அதன் சாரம். ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. 3(டி) பிரிவே செல்லாது என்ற வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007இல் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்றது. இதே முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே வரிசையில் நிற்கும் கூலிக்காரருக்கும் இப்படியொரு சட்டப் பிரிவுக்கும் தொடர்பு உண்டு.

பதிப்புரிமையும் இப்படித்தான். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஆசிரியரின் வாழ்நாளும் அவர் இறந்தபின் 50 ஆண்டுகளும் என்று வைத்தது. 1941இல் இறந்த தாகூரின் எழுத்துகள் பொதுவுடைமையாகும் நேரத்தில், 1992இல் அது 60 ஆண்டுகளாக நீட்டப்பட்டது. ஒரு கவிஞரை ஒட்டி எழுந்த கேள்வி நாட்டின் எல்லா எழுத்தையும் பத்து ஆண்டு பூட்டியது. காலவரையறை என்பது அரசியல் முடிவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

ஓமந்தூராரும் பாரதியும்

எதிர்த்திசையிலும் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. அதை எடுத்த அரசின் தலைவர் நம் மாவட்டத்துக்காரர். பாரதி 1921இல் இறந்தார். அன்றைய 50 ஆண்டுக் கணக்கில் அவர் பாடல்கள் 1971 முடியும்வரை தனியுரிமையில் இருந்திருக்கும். பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை ஏ.வி. மெய்யப்பன் கையில் இருந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் படத்தில் பாரதி பாடலைப் பயன்படுத்தியபோது பிணக்கு எழுந்தது. மக்கள் கவியின் பாட்டுக்கு ஒரு கம்பெனி எப்படிச் சொந்தக்காரர் ஆகலாம் என்ற கேள்வி தமிழகமெங்கும் பரவியது. 1949இல் சென்னை மாகாண அரசு அந்த உரிமைகளைத் தானே ஏற்றது. 1955இல் அவற்றைப் பொதுமக்களுக்கே விட்டுவிட்டது. 1949 முடிவின்போது முதல்வராக இருந்தவர் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரைச் சேர்ந்த ராமசாமி ரெட்டியார். கோயில் நுழைவுச் சட்டம் 1947இல் வந்ததும் அவர் ஆட்சியில்தான்.

அதன்பின் தமிழக அரசு பல எழுத்தாளர்களின் நூல்களை, வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து நாட்டுடைமை ஆக்கிவருகிறது. குடும்பத்துக்குப் பணம், வாசகருக்குத் திறந்த நூல் என்ற இந்த ஏற்பாடு, நான் தொடக்கத்தில் சொன்ன இரண்டு தேவைகளும் சேரக்கூடியவை என்பதைக் காட்டுகிறது. நம் கேள்வி, அந்தப் பட்டியலில் தலித் எழுத்தாளர்கள் எத்தனை பேர், யார் அவர்களுக்காக மனு கொடுப்பது என்பதுதான்.

அம்பேத்கரை யார் அச்சிடலாம்?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். 1936இல் லாகூர் மாநாட்டுக்காக அம்பேத்கர் எழுதிய தலைமையுரையை அமைப்பாளர்கள் ஏற்க மறுத்தார்கள். மாநாடே நடக்கவில்லை. பாபாசாகேப் அதைத் தன் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டார். இரண்டு மாதத்தில் விற்றுத் தீர்ந்தது. அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையில், அதற்குள் குஜராத்தியிலும் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுவிட்டது என்று குறிப்பிடுகிறார். தமிழில் அதைக் கொண்டுவந்தது பெரியாரின் 'குடி அரசு'. மேடை மறுக்கப்பட்ட உரை அச்சில் வாழ்ந்தது. அது பரவ வேண்டும் என்பதே எழுதியவரின் விருப்பமாக இருந்தது.

அம்பேத்கர் 1956 டிசம்பர் 6 அன்று மறைந்தார். சட்டப்படி 60 ஆண்டு 2016 டிசம்பர் 31 அன்று முடிந்தது. அவர் வாழ்நாளில் வெளியான நூல்களை 2017 முதல் எவரும் அச்சிடலாம். யாருடைய அனுமதியும் வேண்டாம்.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. நம் பதிப்பாளர் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர் இறந்தபின் முதல்முறை வெளியாகும் எழுத்துக்கு, 24ஆம் பிரிவின்படி, வெளியான ஆண்டிலிருந்துதான் 60 ஆண்டு. 'புத்தரும் அவர் தம்மமும்' 1957இல் வந்தது, ஆகவே அதன் காலம் 2017 முடிவோடு தீர்ந்தது. 'இந்துமதத்தின் புதிர்கள்' 1987இல்தான் அச்சேறியது. இந்தக் கணக்கில் அது 2047 முடியும்வரை பதிப்புரிமைக்குள் இருக்கும். இன்னொன்று: மூல நூல் பொதுவானாலும் மொழிபெயர்ப்புக்குத் தனிப் பதிப்புரிமை உண்டு. ஆங்கில மூலத்தை நாமே தமிழாக்கி வெளியிடலாம். பிறர் செய்த தமிழாக்கத்தை அப்படியே எடுக்க, அந்த மொழிபெயர்ப்பின் உரிமையாளரைக் கேட்க வேண்டும்.

'புதிர்கள்' நூலின் கதை இன்னொரு பாடமும் சொல்கிறது. மகாராஷ்டிர அரசு 1979 முதல் பாபாசாகேபின் எழுத்துகளையும் உரைகளையும் வசந்த் மூனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்டது. பெட்டிகளில் கிடந்த கையெழுத்துப் படிகள் நூலானது அதனால்தான், அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் 4ஆம் தொகுதியில் ராமனையும் கிருஷ்ணனையும் பற்றிய பகுதிக்குச் சிவசேனை எதிர்ப்புக் கிளப்பியதும், அரசு அதை நீக்க முன்வந்தது. 1988 தொடக்கத்தில் தலித் மக்கள் மும்பைத் தெருக்களில் பெரும் பேரணியாகத் திரண்டார்கள். முடிவில், இக்கருத்து அரசுக்கு உடன்பாடு அல்ல என்ற குறிப்போடு அந்தப் பகுதி தங்கியது. ஒரே ஒருவர் மட்டுமே அச்சிடக்கூடிய நிலையில் ஒரு நூல் இருந்தால், அந்த ஒருவரை மிரட்டினால் போதும், நூல் ஊமையாகிவிடும். பல கைகள் அச்சிடக்கூடிய நூலை அப்படி அடக்க முடியாது. பொதுவுடைமை என்பது விலை மலிவு மட்டுமல்ல, கருத்துக்குப் பாதுகாப்பும்கூட.

பெரியாரும் அயோத்திதாசரும்

அம்பேத்கரைத் தமிழுக்குக் கொண்டுவந்த 'குடி அரசு'வே பின்னாளில் பதிப்புரிமை வழக்கில் நின்றது. பெரியார் 1973இல் மறைந்தார். பொதுக் கணக்குப்படி அவர் எழுத்துக்கு 2033 முடியும்வரை பாதுகாப்பு உண்டு. 'குடி அரசு' எழுத்துகளைத் தொகுத்து வெளியிடப் பெரியார் திராவிடர் கழகம் முனைந்தபோது, உரிமை தங்களுடையது என்று பெரியார் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனம் சென்னை உயர்நீதிமன்றம் சென்றது. 2009இல் நீதிபதி கே. சந்துரு தடை தர மறுத்தார். மேல்முறையீடும் 2010இல் தள்ளுபடியானது. பதிப்புரிமையை ஒருவர் இன்னொருவருக்கு மாற்ற வேண்டுமானால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. இயக்கத்தை நடத்துவதாலேயே தலைவரின் எழுத்து அமைப்பின் சொத்தாகிவிடாது. எல்லா இயக்கங்களும், நம் இயக்கங்களும், இதை மனதில் கொள்ள வேண்டும்.

அயோத்திதாசப் பண்டிதர் விஷயம் வேறு. அவர் 1914இல் மறைந்தார். அவர் எழுத்தை அச்சிடச் சட்டத் தடை எதுவும் வெகு காலமாக இல்லை. ஆனாலும் 1907இல் அவர் தொடங்கிய 'தமிழன்' இதழின் பக்கங்கள் பொது வாசகருக்குக் கிடைக்கவில்லை. ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் வெளியிட்ட பிறகுதான் தமிழ் அறிவுலகம் அவரைப் பரவலாகப் பேசத் தொடங்கியது. பூட்டு இல்லாத வீடுதான். ஆனால் வீட்டுக்குப் பாதை இல்லை. பழைய இதழ்களைப் பாதுகாத்து வைத்தவர்கள் நூலகத்தார் மட்டுமல்லர், அவரைப் பின்பற்றிய பௌத்தக் குடும்பங்களும்தான். சட்டம் திறந்துவிட்டாலும், பிரதி இருந்தால்தான் உரிமைக்குப் பொருள் உண்டு. ஆவணக் காப்பகம் இல்லாத சமூகத்துக்குப் பொதுவுடைமை பாதி நன்மைதான்.

பாட்டும் பெயரும்

இரண்டாவது கேள்வி ஒப்பாரியைப் பற்றியது. இதுவரை திறப்பதைப் பற்றிப் பேசினோம். இனிக் காப்பதைப் பற்றி.

ஓர் ஆசிரியர், ஒரு படைப்பு, ஒரு தொடக்க நாள் என்ற அச்சில்தான் பதிப்புரிமைச் சட்டம் உலகத்தைப் பார்க்கிறது. ஒப்பாரியும் தெருக்கூத்தும் பறையின் அடவுகளும் அப்படிப் பிறந்தவை அல்ல. தலைமுறைகள் சேர்ந்து செய்தவை. ஆகவே மரபுப் பாட்டுக்குச் சட்டத்தில் சொந்தக்காரர் இல்லை. ஆனால் அதைப் பதிவு செய்த தயாரிப்பாளருக்கு அந்த ஒலிப்பதிவின் மீது உரிமை உண்டு. பாட்டு ஊருக்குப் பொது, பதிவு கம்பெனிக்குச் சொந்தம். சேரியின் உழைப்பு பொதுவாகவும், அதைக் கைப்பற்றியவரின் முதலீடு சொத்தாகவும் கணக்கிடப்படும் இடம் இது. சாதியச் சமூகத்தில் நமக்குப் பழகிய கணக்குதான்.

இருந்தாலும் சட்டம் முற்றிலும் கைவிடவில்லை. 1994 முதல் நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று இருக்கிறது. நிகழ்த்துநர் யார் என்று சொல்லும் பட்டியலில் பாடகர், இசைஞர், நடனக்காரர் மட்டுமல்ல, கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும்கூட உண்டு. பறையடிப்பவரும் ஒப்பாரி பாடும் தாயும் அதில் அடங்குவர். அவர்கள் ஒப்புதல் இல்லாமல் நிகழ்ச்சியைப் பதிவு செய்து விற்க முடியாது. 2012 திருத்தம் நிகழ்த்துநர் தன் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமையையும், வணிகப் பயன்பாட்டில் ராயல்டி கேட்கும் உரிமையையும் சேர்த்தது. அதே திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பெரிய வலு கொடுத்தது. திரையரங்கில் படத்தோடு ஓடுவது தவிர்த்த பிற பயன்பாடுகளில் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை அவர்கள் எழுதிக் கொடுத்தாலும், அந்த எழுத்து செல்லாது.

'எஞ்சாய் எஞ்சாமி' பாடலை எல்லோரும் அறிவோம். 2021இல் வந்தது. அறிவும் தீயும் பாடியது, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் உருவானது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையை அறிவு அதில் வைத்தார். அதே ஆண்டில் ஓர் இசை இதழின் அட்டையில் அவர் படம் இல்லாதபோதும், 2022இல் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலே பாட்டு பாடப்பட்டபோதும், யாருடைய படைப்பு இது என்ற விவாதம் எழுந்தது. அந்தக் கலைஞர்களிடையே தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. பாட்டுக்குப் பல பேர் உழைத்திருக்கிறார்கள். நான் கவனித்தது ஒன்று: அந்த விவாதத்தில் பணத்துக்கு முன்பு பெயர்தான் பேசப்பட்டது.

பெயருக்குச் சட்டத்தில் இடம் உண்டு. 57ஆம் பிரிவு படைப்பாளியின் தார்மீக உரிமையைச் சொல்கிறது. பதிப்புரிமையை முழுதாக விற்றுவிட்டாலும், 'இது என் படைப்பு' என்று சொல்லும் உரிமையும், மதிப்பைக் கெடுக்கும் சிதைவைத் தடுக்கும் உரிமையும் அவரிடமே இருக்கும். டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த சிற்பி அமர்நாத் சேகலின் சுவர்ச் சிற்பத்தை அரசு பெயர்த்துச் சேதப்படுத்தியபோது, 2005இல் டெல்லி உயர்நீதிமன்றம் இந்தப் பிரிவின்கீழ் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. சுவர் அரசுடையதுதான், சிற்பத்தின் மானம் சிற்பியுடையது. பெயரை மறுப்பதன் மூலமே மனிதரை மறுத்த சமூகத்தில், 57ஆம் பிரிவு நமக்கு மிக நெருக்கமான பிரிவு.

நாம் செய்ய வேண்டியவை

இந்த இரு உரிமைகளையும் பிரித்துப் பார்த்தால் தொடக்கத்தில் சொன்ன மோதல் தீர்கிறது. காசு சம்பந்தப்பட்ட உரிமைக்கு எல்லை இருக்கட்டும், அது காலத்தால் கரையட்டும். பெயர் கரையக் கூடாது. இதிலிருந்து சில வேலைகள் பிறக்கின்றன.

முதலாவது, ஒப்பந்தத்தைப் படித்துக் கையெழுத்திடுங்கள். உரிமை மாற்றத்தில் எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டுதான் செல்லும், எந்த நிலப்பரப்பு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். பதிப்புரிமை கிடைக்கப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை. எழுதியதுமே உரிமை பிறக்கிறது. இதை முதல் கவிதைத் தொகுப்பைக் கையில் வைத்திருக்கும் ஒவ்வொரு இளைஞரும் அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, விதிவிலக்குகளைப் பயன்படுத்துங்கள். 52ஆம் பிரிவு, ஆய்வுக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான அளவில் எடுத்தாள அனுமதிக்கிறது. நீதிமன்றத் தீர்ப்புகளை, அந்த நீதிமன்றமே தடுத்தாலொழிய, யாரும் அச்சிடலாம். வன்கொடுமை வழக்குத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து ஊர் ஊராகக் கொண்டுபோக இதுவே வழி. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ராமேஸ்வரி என்ற ஜெராக்ஸ் கடை மீது மூன்று வெளிநாட்டுப் பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. பாடத்திட்டத்துக்கான பக்கங்களை நகலெடுப்பது கல்விக்கான விதிவிலக்கில் அடங்கும் என்று 2016இல் டெல்லி உயர்நீதிமன்றம் சொன்னது. ஆயிரக்கணக்கில் விலைபோகும் நூலை வாங்க முடியாத முதல் தலைமுறை மாணவருக்கு அந்த ஜெராக்ஸ் கடைதான் நூலகம்.

மூன்றாவது, பதிவு செய்யுங்கள், நம் கையாலேயே. பாட்டியின் ஒப்பாரியை, கூத்து வாத்தியாரின் பாட்டை, பறை ஆசான் சொல்லும் அடியை, அவர்கள் ஒப்புதலோடு, பெயர், ஊர், நாள் எழுதி வையுங்கள். பாடியவருக்கு ஒரு பிரதி கொடுங்கள். விற்றால் பங்கு கொடுங்கள். இதை அடுத்தவரிடம் கேட்பதற்கு முன் நாம் நடத்திக் காட்ட வேண்டும்.

நான்காவது, மேடைகளும் சிறுபத்திரிகைகளும் தம் வெளியீடுகளில், 'ஆசிரியர் பெயரோடும் திரிக்காமலும் யாரும் மறுஅச்சு செய்யலாம்' என்று ஆசிரியர் சம்மதத்தோடு ஒரு வரி சேர்க்கலாம். சட்டம் கொடுக்கும் உரிமையை வைத்தே கதவைத் திறந்து வைக்கும் முறை இது.

தன் உரையைத் தானே காசு கொடுத்து அச்சிட்டுப் பரப்பிய ஒரு மனிதரின் வழியில் வந்தவர்கள் நாம். அந்த நூல் கைமாறிக் கைமாறித்தான் நம்மிடம் வந்தது. அதை அடுத்த கைக்குக் கொடுக்கும்போது எழுதியவர் பெயரும், மொழிபெயர்த்தவர் பெயரும், அச்சுக் கோத்தவர் கூலியும் சேர்ந்தே போகட்டும்.

ஜெய்பீம்.